புள்ளி விழும் இடம்

போத்தலின் கழுத்தில் நூலால் கட்டிய சீட்டு.
மங்கிய மையில் ஒரே ஒரு சொல்: கொழும்பு.
ஆண்டு உண்டு. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை.
பிடித்தவனின் கையெழுத்தை ஈரம் தின்றுவிட்டது.
மீன் வெளிறி, ஆறிய சோற்றின் நிறத்தில்,
வாய் திறந்தபடி
எதையோ சொல்ல வந்து
நூறு வருடமாய் நிறுத்தியிருக்கிறது.

கணினிக்கு இடம் வேண்டும்.
கொழும்பு என்று மட்டும் கொடுத்தால்
நகரத்தின் நட்டநடுவில் புள்ளியை இறக்கிவிடும்.
போய்ப் பார்த்தேன்.
கனத்தைக்குப் பக்கத்தில் ஒரு வாகனத் தரிப்பிடம்.
"யாரைத் தேடுறீங்க மிஸ்?" என்றான் காவலாளி.
மீனை என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

எங்கள் வரைபடத்தில் இந்த நகரம்
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
விராலோ கெளிறோ கிடைத்த கட்டம் பச்சை.
வலை போட்டும் வெறுங்கையோடு வந்த கட்டம் பூச்சியம்.
போகாத கட்டம் வெறுமை.
ஒன்றுக்கு, நாய் துரத்தியதால் போகவில்லை.
ஒன்றுக்கு, முகாம் மதிலைத் தாண்ட அனுமதி வரவில்லை.
ஒன்றுக்குப் போகவிருந்த நாளில் தில்ருக்குக்குக் காய்ச்சல்.
பூச்சியம் வேறு, வெறுமை வேறு என்று
மூன்று கூட்டங்களில் சொல்லிவிட்டேன்.
அச்சில் இரண்டும் வெள்ளையாகவே வருகின்றன.
வெள்ளையின் மேல் றோட்டுப் போடுவது லேசு.

பிறகு ரம்சீன் படம் அனுப்பினான்.
வெல்லம்பிட்டியில் ஓட்டோ கழுவுகிறவன்.
"வாளிக்குள்ள இது வந்திச்சி மிஸ்.
ஒங்கட ஆளா?"
உள்ளங்கையில், சவர்க்கார நுரைக்கு நடுவே,
வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு.
போத்தல்காரரின் பொட்டு அதே இடத்தில்.
சிங்களத்தில் தித்தயா, கசப்பன் என்று வைத்துக்கொள்ளலாம்.
தமிழில் என்ன பெயரென்று
நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

முழங்கால் சேற்றில் இறங்கினோம்.
எவரோ சலித்துப்போய்க் கொட்டிவிட்ட
டாங்க் கிளீனர்கள் கவசத்தோடு கரையை அரித்துக் கிடந்தன.
அவற்றுக்கு அப்பால், மதில் வெடிப்பில்
சதுப்பு கசிகிற ஒரு பாய் அகலத் தெளிவு.
பதினொன்று எண்ணினேன்.
தில்ருக் பன்னிரண்டு என்றான்.
நிழலையும் சேர்த்திருப்பான்.

வியாழக்கிழமை அந்த வாய்க்காலுக்குக் கொங்கிறீற்.
புள்ளி வைத்தால் கோடு கொஞ்சம் விலகலாம்.
புள்ளி வைத்தால்
ஒட்சிசன் பைகளோடு ஏற்றுமதிக்காரரும் வரலாம்,
பதினொன்றும் ஒரே மாலையில் விமானம் ஏறலாம்.

ஒருகாலம் வெள்ளவத்தையில்
எங்கள் கதவையும் தட்டுவார்கள்.
பெயர், வயது, சொந்த ஊர், வந்த நோக்கம்.
உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள்.
அப்பா எழுத்துப் பிசகாமல் நிரப்புவார்.
பட்டியலில் இருப்பதும் பயம்,
இல்லாமற் போவதும் பயம்.
அவர்கள் படியிறங்கிய பிறகும்
பேனையின் மூடியைத் தேடிக்கொண்டிருப்பார்.
அது அவர் கையிலேயே இருக்கும்.

தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கங்கள் இருந்தன.
நான்கை அழித்தேன்.
புள்ளி வீங்கிக் கறையானது.
ஓட்டோ கழுவுமிடம், பள்ளிவாசல் பின்வளவு,
பாதிச் சதுப்பு எல்லாம் அதற்குள்.
எக்கநாயக்க சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
துல்லியம் போதாதே என்றார்.
பொறியியலாளர் அடிமட்டத்தை வைத்தார்.
"இதற்குள் சரியாக எங்கே?"
"முழுக்க" என்றேன்.
என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.
அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.
வளைவா, கேள்விக்குறியா,
எதிர்ப்பக்கமிருந்து தெரியவில்லை.

கனத்தைப் புள்ளியை நான் நகர்த்தவில்லை.
வேறெங்கே வைப்பது?

நேற்று இரவு ரம்சீன்:
"இன்டக்கி வாளில ஒண்டுமில்ல மிஸ்.
நல்லதா, கெட்டதா?"

இன்னும் பதில் போடவில்லை.