எழுபத்தொரு பாகம்

களியக்காவிளை செக்போஸ்ட் பக்கம்
தவசிமுத்துவின் ஆக்கர் கடை.
பித்தளை என்று எடைபோட்டுத் தந்தார்,
கண்ணாடியையும் சேர்த்து
நாலு கிலோ எழுநூறு.

நீர்மூழ்கியின் ஆழமானி. உலகப்போர்க் காலத்தது.
எந்த நாட்டுக்காரனுடையது என்பதை
யாரோ அரம் வைத்து ராவியிருக்கிறார்கள்.

என்னிடம் ஏற்கெனவே
ஒரு மாலுமித் தொப்பியின் நாடா,
மூடி திறக்காத பிஸ்கட் டப்பா,
பெரிஸ்கோப் கைப்பிடி என்று சொல்லி விற்கப்பட்ட,
அநேகமாக ஏதோ பஸ்சின் கியர் கம்பி.
இது மட்டும் பொய்யில்லை.
முள் நூற்று முப்பதில் நின்றுபோயிருந்தது.

நீரோடியில், மேசைக்கு மேலே மாட்டினேன்.
மனு எழுதிக்கொள்ள வந்த மெற்றில்டா
ஓடாத கடிகாரமா என்றாள்.
ஆழம் காட்டுவது, மீட்டரில் என்றேன்.
"பாகத்துல சொல்லும்."

கணக்குப் போட்டேன். எழுபத்தொன்று.

அவள் கைகளை விரித்தாள்,
விரல்நுனியிலிருந்து விரல்நுனிக்கு ஒரு பாகம்,
மடக்கினாள், விரித்தாள்,
இல்லாத கயிற்றை இழுத்து இழுத்து.
பதினொன்றில் கை தளர்ந்தது.

வீட்டுக்காரன் போன வள்ளம்
திரும்பாமல் ஏழு வருடம்.
உடல் கிடைக்காததால்
இறப்புச் சான்றிதழும் இல்லை.
இது நாலாவது மனு.

நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள்,
உள்ளே ஆள் இருக்கிற வீட்டில் தட்டுவதுபோல்.
"இந்த முள்ள மேல கொண்டுவர முடியாதா ஓய்?"

திறந்தால் மதிப்புப் போய்விடும் என்றேன்.

அவள் மனுவை மடித்துக்கொண்டு
வள்ளவிளை பஸ்சுக்குப் போய்விட்டாள்.
ஸ்க்ரூ டிரைவர்
இழுப்பறையில்தான் கிடக்கிறது,
கையெட்டும் ஆழத்தில்.