தனிநிலை

கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனியின் பின்வாசல்.
இரண்டு மணி நேரம் நானூறு ரூபாய் என்று பேசி
மங்ட்டுவிடம் சொல் கேட்கிறேன்.
"மணிக்குக் காசுன்னா மெதுவா வரும்,
சொல்லுக்குன்னா வேகமா வரும்" என்கிறான்
லோடுமேன்களிடம் கற்ற தமிழில்.

வடக்கே இரண்டு மலைக்கு நடுவில்
ஆறு ஊரில் பேசுகிறார்கள்.
அக்கம்பக்கத்து மொழி எதுவும் இதற்கு
அக்காளும் இல்லை, பங்காளியும் இல்லை.
எப்போதோ ஒரு சர்வேயர் அரைப் பக்கம் எழுதி
'திருடர் பாஷை' என்று முடித்துவிட்டார்.
அந்த அரைப் பக்கத்தோடு மூன்று முறை ரயிலேறி
மூன்று முறையும் வெள்ளத்தில் பாதை மூடித் திரும்பினேன்.
கிடைத்தது இங்கே,
திருப்பாப்புலியூரிலிருந்து இலவச டவுன் பஸ் தூரத்தில்,
இடுக்கியால் ஐஸ் பார் இழுத்துக்கொண்டு.

கட்டுரையில் 'தனிமொழி' என்று எழுதினால்
புரூஃப் பார்ப்பவர் ஓரத்தில் கேட்கிறார்:
தனக்குத்தானே பேசுவதா?

தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துகிற ஒலி
அவனுடைய பாதிச் சொற்களுக்கு நடுவில்.
நோட்டில் அதற்கு ஃ போடுகிறேன்.
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
எஃகுக்கும் ஃபேனுக்கும் மட்டும் வந்துபோன மூன்று புள்ளிக்கு
இப்போதுதான் முழுநேர வேலை.

பதிவு முழுக்கக் கம்ப்ரசர்.
'சாம்பல்' வருகிற இடத்தில் சரியாகக்
கலியபெருமாள் கத்துகிறார், வண்டி வந்துடுச்சி.
அப்புறம் என்னிடம், குரலைத் தாழ்த்தி:
"ராத்திரியில ஐஸ் ரூம்ல தனியாப் பேசறான் மேடம்.
என்ன ஏதுன்னு கேளுங்க."

நெருப்பு, பாம்பு, தேன், கொழுந்தனின் மாமியார்
எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது.
கடல்?
"நாங்க எங்க பார்த்தோம்."
ஐஸ்?
கையுறையைக் கழற்றிச் சிரிக்கிறான்.

ஐந்தாம் வாரம், சரிபார்க்கப்
பட்டியலை நான் வாசித்தேன், அவன் மொழியில், என் வாயால்.
பாம்பு என்றேன்.
காலுக்கடியில் பார்த்தான்.
தேன் என்றேன்.
ஏதோ கேட்டான்.
தமிழில் கேள் என்றேன்.
"எங்கே-ன்னு கேட்டேன்."
பதினாலு மாதமாயிற்றாம்
எதிரில் நின்று ஒருவர் அதில் பேசி.

என் இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லில்
'எங்கே' இல்லை.
எழுதிக்கொண்டேன். திருப்பிச் சொன்னேன்.
தப்பு, என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்:
இன்னும் உள்ளே.
நானூறை எண்ணி வாங்கிக்கொண்டு
அடுத்த ஐஸ் பாருக்குப் போனான்,
நான் சொன்ன மாதிரியே தப்பாகச்
சொல்லிப் பார்த்துக்கொண்டு.