எழுத்துக்குப் பதினெட்டு ரேண்ட்

டோங்காட் பெரிய வீதியில்
டயர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
எங்கள் கல்பட்டறை.
கரும்புக்காடு எரிகிற மாதங்களில்
கரித்துகள் பறந்து வந்து கிரானைட்டில் உட்காரும்.
ஊதிவிட்டுத்தான் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன்.

கணினியில் எழுத்தடுக்குவது நான்.
வெட்டுவது முதலாளி சகாதேவன் நாயக்கர்.
நான் விட்ட பிழையை
மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு
அவரும் விடுவார்.

அப்படி ஒரு கல் பின்கட்டுக் குழாயடியில் கிடக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
'லைஸ்' வர வேண்டிய இடத்தில் 'லேஸ்' போட்டேன்.
இங்கே கிடக்கிறார் என்பதற்குப் பதில்
இங்கே எதையோ வைக்கிறார் என்றாகிவிட்டது.
முட்டையாக இருக்கும், என்றார் கோழிக்கடைக்காரர்.
சரியான சொல்லுக்கோ
பொய் சொல்கிறார் என்றும் ஒரு பொருள் உண்டு.
அதை மட்டும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.
நாங்கள் தப்பான கல்லின் மேல் நின்று
கை கழுவுகிறோம்.

போன செவ்வாய் திலகவதி படையாச்சி வந்தார்.
மின்கட்டண ரசீதின் முதுகில்
கணவர் தனபாலன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
தானே எழுதி வைத்த வாசகம்,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

"'லேட் தனபாலன்' என்று போட்டுவிடாதே.
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினார்,
ஒருநாளும் லேட் இல்லை."

சரி ஆன்டி, என்றேன்.
கண் இரண்டாவது வரியில் நின்றது.
'பாஸ்ட் அவே.'
நாலு எழுத்தில் முடித்திருந்தார் பாஸ்ட்டை.
ஆறு வேண்டும்.
காதுக்கு இரண்டும் ஒன்று, கல்லுக்கு அப்படியில்லை,
இது போன காலம், அது போனார், என்றேன்.

"தமிழில் என்ன சொல்வாய்?"
"இறந்தகாலம்."
"அதில் எது இறந்தது, எது காலம்?"

அதற்குள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மகள் யோகேஸ்வரி,
வக்கீல், போனில்:
பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆறெழுத்தாகவே வெட்டுங்கள்,
கூடுதல் இரண்டுக்கு நான் தருகிறேன்.
பேசி முடிக்குமுன் முப்பத்தாறு ரேண்ட்
கணக்கில் வந்து விழுந்தது.

திலகவதி பையை மடியில் வைத்துக்கொண்டார்.
"தினம் அதிகாலையில் வண்டியை எடுப்பார்.
கோயிலைத் தாண்டி, ஆலையைத் தாண்டி,
வெருலம் தாண்டி, டர்பனில் மசூதியைத் தாண்டி.
ஏறுகிறவர்களிடம் இங்கிலீஷில் அப்படித்தான் வழி சொல்வார்,
அதைத் தாண்டி, இதைத் தாண்டி என்று.
அவருடைய பாஸ்ட் அதுதான்.
அதற்கு எத்தனை எழுத்து?"

அகராதியைத் திறந்தேன்.
கோயிலைத் தாண்டி ஓட்டினால் நாலு.
கோயிலைத் தாண்டினால் ஆறு.
ஓட்டுவது வேறொரு வினை செய்துவிட்டால்
தாண்டுவதற்கு நாலே போதும்.
இதை நாயக்கரிடம் விளக்கினேன்.
உளியைத் துடைத்தபடி
"யார் காசு கட்டியது?" என்றார்.

இருவரும், என்றேன்.

எப்போது கிடைக்கும் என்று ஆன்டி கேட்டபோது
வாய்ப்பழக்கத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றுவிட்டேன்.
இந்த ஊரில் அதற்கு இப்போது என்று அர்த்தமில்லை,
இன்று என்றும் இல்லை.
ஆம்புலன்ஸில் ஏறும்போது அவரும் அதையே சொன்னாராம்,
ஜஸ்ட் நவ் வந்துடறேன் என்று.
அதில் எந்தப் பிழையும் அவருக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

நாலு எழுத்து வெட்டியாயிற்று.
மகளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து
மூன்று முறை அழித்துவிட்டேன்.
முப்பத்தாறு ரேண்ட் கணக்கில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை கல்லைச் சாக்கில் சுற்றி
வேனில் ஏற்றினோம்.
முன்சீட்டில் நான், நாயக்கர் ஓட்டினார்.
கோயில் வந்தது.
போனது.
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்,
நாலா, ஆறா.