மூன்றாவது கேட்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை.
கொட்டைக் குவியலில் ஈ அடங்கிய நேரம்
டார்ச் வெளிச்சத்தில் ஒரு முழ இருட்டு,
மேலே வெள்ளை வளையம் வளையமாய்.

தடியை ஓங்கிவிட்டேன்.
அப்புறம்தான் பார்த்தேன்:
வளையங்கள் கழுத்திலேயே தொடங்கி
வால்பக்கம் மங்கிப்போயிருந்தன.
கட்டுவிரியனுக்கு
மாற்றி எழுதியிருக்கும்.

வெள்ளிக்கோல் வரையன்.
பல்லிக்கு வந்தது.
விஷமில்லை, உடுப்பு மட்டும் இரவல்.

எனக்கும் ஏஜென்சி தந்த காக்கி,
தோளில் இரண்டு பட்டை.
விசிலுக்குள் உருண்டை விழுந்து
மாதம் மூன்றாகிறது.

ஆந்தையை விரட்டுகிற சட்டைதான்
தடியையும் கூப்பிட்டுக்கொள்கிறது.

பக்கெட்டைக் கவிழ்த்து
அடியில் அட்டை செருகி
வேலிக்கு அந்தப்பக்கம் விட்டேன்.

"என்ன சத்தம், திம்மராயா?"
சூப்பர்வைசர்.

"கட்டுவிரியன் சார்.
இத்தனை நீளம்."