ஒன்று குறைகிறது

கைக்குள் அடங்கும் உருக்கு.
எண்ணெய்த் தாளில் சுற்றிப் பச்சை டப்பாவில் கிடக்கும்.
மூடியில் என் கையெழுத்து: பதினொன்று.

பின்னை விரலால் தள்ளினால்
எம்-பதினாறு இரண்டாய் மடிந்து முதுகைத் திறந்து காட்டும்.
பெரிய போல்ட்டை உருவி
இதை உள்ளே விடு.
மூடு.
தோளில் அதே கனம், கன்னத்தில் அதே குளிர்,
குரல் மட்டும்
மேல்மாடியில் யாரோ
மைலோ டப்பாவைக் கரண்டியால் தட்டுவதுபோல.

நீ சூன் முகாம். சனிக்கிழமை காலை.
இருபத்தைந்து மீட்டர்த் தளம்.
பெரிய தோட்டா ஒன்றின் காசுக்கு
பாயிண்ட் டூ டூ ஒரு கைப்பிடி வரும்,
அதனால்தான் இந்த ஏற்பாடெல்லாம்.
உதைக்காது. பையன்கள் கண்ணை மூடாமல் சுடுவார்கள்.

குழல் இரண்டுக்கும் ஒன்றேதான்.
அளவில் ஒரு தலைமயிர் வித்தியாசம்கூடக் கிடையாது.
அடி விழும் இடம்தான் வேறு.
பெரியதற்கு நடுவில், பொட்டு வைத்தாற்போல.
இதற்கு விளிம்பில்.
மருந்து ஓரத்து மடிப்புக்குள் ஓடியிருக்க வேண்டும்,
எங்கேயாவது ஓடாமல் விட்டிருந்தால்
ஊசி சரியாக அங்கேதான் போய் விழும்.
ஊமை.
எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போட்டால்
சிலது பேசும். சிலது பேசாது.

கொடுத்தது ஐந்நூறு.
வந்த கூடு நானூற்றுத் தொண்ணூற்றாறு,
பேசாதது மூன்று.
தட்டில் மறுபடி கொட்டினேன், பத்துப் பத்தாய் வைத்தேன்.
என் கணக்கு மூன்று தரமும் மாறவில்லை.

ஸ்டாஃப் ஓங் தொப்பியைக் கழற்றினார்.
அவர் தொப்பியைக் கழற்றினால்
யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்று பொருள்.

நாற்பது பேர் ஒரே வரிசையில் முட்டி போட்டு
லாலாங் புல்லை இழை இழையாய்ப் பிரித்தோம்.
மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை.
ருஸ்லான் எங்கிருந்தோ ஒரு காந்தம் கொண்டுவந்தான்.
பித்தளை காந்தத்தில் ஒட்டாதென்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்,
அவன் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை, விட்டுவிட்டேன்.
ஒரு மணிக்கு புக் அவுட்.
இரண்டாயிற்று.
மூன்றுக்கு மழை வந்தது, நம்மூர் மழை,
கேட்காமல் வந்து கேட்காமல் போகும்.
யாரோ ஒருவனுக்கு யீஷுனில் சினிமா டிக்கெட் இருந்தது.
இடைவேளை வந்திருக்கும் என்று
அவன் புல்லிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்தான்.

ஆறாவது லேன், லிம் ஜின் ஹோ.
ஹொக்கியன் தவிர எதுவும் வராது.
எல்லாரும் தேடுவதைப் பார்த்துத் தானும் தேடினான்,
எதை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
கல்லைப் பொறுக்கிக்
கரையோரம் ஒழுங்காக அடுக்கி வைத்தான்.

கொட்டகைக்குள் வந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.
சிமெண்டில்
டிங்.

நாற்பது தலை திரும்பியது.

ஐந்தாம் லேனில் வெளியேறிய கூடு
சுடச்சுட அவன் காலருக்குள் விழுந்திருக்கிறது.
தளத்தில் அசையக்கூடாது,
அந்த ஒன்றை மட்டும் யாரோ
அவன் மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.
அசையவில்லை.
காறை எலும்புக்கு மேல்
விளிம்பின் வடு, சிவந்து, பாதி வட்டம்.

யாரும் சிரிக்கவில்லை, முதலில்.
பிறகு ருஸ்லான் ஆரம்பித்தான்,
பிறகு ஓங்கே.
லிம் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு
உடைந்த மலாயில் கேட்டான்:
மாக்கான் ஆடா?
சோறு இருக்கிறதா என்று.
சமையல்கூடம் பூட்டியிருந்தது.

ஏட்டில் ஐந்நூறு என்று எழுதினேன்.
எங்கே கிடைத்தது என்ற கட்டத்தில்
'கழுத்தில்' என்றெழுதினேன்.
ஓங் அதை அடித்துவிட்டுத்
'தளத்தில்' என்று திருத்தினார்.

எல்லாரும் போனபின்
பதினோராம் எண்ணைத் துடைத்தேன்.
மெழுகும் ஈயமும் கலந்த கறுப்பு அழுக்கு
நகக்கண்ணில் ஏறி
திங்கட்கிழமைவரை போகவில்லை.