பன்னிரண்டுக்கு ஒன்று

பஞ்சிகாவத்தையில் இரண்டு டர்போ வாங்கினோம்.
ஒன்று எங்கோ நொறுங்கிய வானிலிருந்து வந்தது,
மற்றது அதன் சோடிதான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார்.
ஃபஸ்லான் விசிறித் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தான்.
ஒரு மயிரிழை ஆடியது.
அந்த மயிரிழைக்கு ஐயாயிரம் குறைத்தார்கள்.

வண்டி ரொஷேனுடையது.
கறுப்பு செடான், எட்டு சிலிண்டர்,
தன் மூச்சைத் தானே இழுத்து வளர்ந்த எஞ்சின்.
பன்னிரண்டு பங்குக் காற்றை
ஒரு பங்கு இடத்துக்குள் மடித்து வைக்கப் பிறந்தது.
இதற்குள் இன்னும் காற்றா என்று கேட்டேன்.
புது வண்டி இறக்க விடமாட்டார்கள் மிஸ்,
இருக்கிறதைத்தான் ஊத வேண்டும் என்றார்.

தெமட்டகொடைக் கராஜில் பதினொரு நாள்.
மனிஃபோல்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான் ஃபஸ்லான்,
வெல்டிங் வெளிச்சத்தில் மதில்மேல் பூனை
தோன்றித் தோன்றி மறைந்தது.
வலப்பக்க டர்போவுக்கு ஸ்டியரிங் தண்டு வழிவிடவில்லை.
கழற்றினான், திருப்பினான், திட்டினான்.
கடைசியில் இரண்டு விரல் அகலம் கிடைத்தது.
கொழும்பில் அதற்கு மேல் யாருக்குக் கிடைக்கிறது?

தடித்த கேஸ்கட் போட்டுக் கம்பிரெஷனை இறக்கலாம் என்றேன்,
பள்ளம் வைத்த பிஸ்டன் போடலாம் என்றேன்.
ரொஷேன் விலையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.
ஆகவே எனக்கு மிஞ்சியது
தொண்ணூற்றைந்து என்று பெயர் வைத்த பெற்றோலும்
தீப்பொறி விழும் நேரமும்தான்.

இரவு இரண்டரைக்குப் பேலியகொடையில் ஏறினோம்.
அவர் ஓட்டினார். என் மடியில் லாப்டொப்,
காதில் ஹெட்ஃபோன்.
அதன் மறுமுனையில் ஒரு செப்புக் குழாய்,
நசுக்கி, எஞ்சின் பிளொக்கில் போல்ட் போட்டு இறுக்கியது.
தட்டலைக் கேட்பது என் வேலை.
தீ தன் முறைக்குக் காத்திராமல் பற்றிக்கொண்டால்
ஏறி வரும் பிஸ்டனின் தலையில் அடி விழும்.
உண்டியலில் சில்லறை குலுங்குவதுபோல் இருக்கும் என்பார்கள்.

எனக்கு அப்படிக் கேட்பதில்லை.
எனக்கு ஒன்பது வயது, வெள்ளவத்தை லொட்ஜ், மூன்றாம் மாடி.
பொலிஸ் பதிவுத் துண்டு அம்மாவின் தலையணை உறைக்குள்.
முதலில் கீழ்த் தளத்துக் கதவு. பிறகு ஒரு மாடி மேலே.
எத்தனையாவது கதவு,
விரற்கணுவா துவக்கின் பிடியா,
படுத்தபடியே பிரித்தறியப் பழகினேன்.
அந்தக் காதுக்குத்தான் இப்போது
மணிக்கணக்குப் பார்த்துக் காசு தருகிறார்கள்.

முத்துராஜவெலச் சதுப்பு இருபக்கமும் கறுத்துக் கிடந்தது.
நாலாயிரம் சுற்றில் ஊதல் எழுந்து முதுகை இருக்கையில் அழுத்தியது.
ரொஷேன் சிரித்தார், குழந்தைபோல, பல்லெல்லாம் தெரிய.
பூஸ்ட் அரை பாரைத் தொட்டது.

டக்.

காலை எடுங்கள் என்று கத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லையே என்றார்.
உங்களுக்குக் கேட்டால் பிந்திவிட்டதென்று அர்த்தம்.
ஏழாவது சிலிண்டர் என்றது திரை, ஒரே ஒரு தடவை.
ஏழாவதற்குத் தீயை மூன்று பாகை பின்னே தள்ளினேன்.
பூஸ்டைக் கீழே இறக்கி, ரகசிய எண் போட்டுப் பூட்டினேன்.
மைத்துனரின் வண்டி ஒரு பார் ஊதுகிறதாம்.
ஊதட்டும்.

ஜா-எலவில் இறங்கி ஒரு கடையோரம் நிறுத்தினோம்.
எஞ்சினை உடனே அணைக்காமல் ஓடவிட்டோம்,
பொனட்டுக்குக் கீழே இரண்டு சிவப்புகள் மெல்ல மங்க.
ஃபஸ்லான் அழைத்தான்: உடைந்ததா?
இல்லை.
அப்படியென்றால் தூங்கப் போகிறேன் என்றான்.

அணைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்ற மறந்திருந்தேன்.
கண்ணாடியில் விரற்கணு, இரண்டு தரம்.
வெளியே ரொஷேன், கையில் இரண்டு பிளேன்டீ,
ஆவி பறக்க.

உடனே நான் திறக்கவில்லை.