காய்கறி, எண்ணிக்கை ஒன்று

புதிய சுற்றறிக்கை மூன்று பக்கம், அரபியில்.
முதலாளி கமீஸ் அதை வாசித்து எனக்கு இந்தியில் சொல்ல
நான் தமிழில் அட்டையில் எழுதி
நர்சரி வாசலில் கட்டினேன்:
மண்ணோடு செடி எல்லை தாண்டாது.
மண்ணை உதறினாலும் தாளில்லாமல் தாண்டாது.
பொட்டலம் உடைத்த விதை தாண்டாது.
கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
விட்டுவிட்டேன்.

புரைமியிலிருந்து அல் அய்னுக்குத்
தண்ணீர் லாரி இரண்டு கியர் மாற்றுவதற்குள் போய்விடும்.
புழுதிக்காற்று கிளம்பினால்
இரண்டு ஊர் மொட்டைமாடியிலும் ஒரே நேரத்தில் துணி எடுப்பார்கள்.

சோஹார் துறைமுகத்தில் எங்கள் குண்டுமல்லி
ஆயிரத்து இருநூறு கன்று,
குளிர்பெட்டியில் பதினோராம் நாள்.
நார்த்தூளில்தான் நட்டேன், மண் ஒரு சிட்டிகை இல்லை
என்று பொள்ளாச்சிக்காரர் போனில் சத்தியம் செய்கிறார்.
படிவத்தில் சத்தியத்துக்குக் கட்டம் இல்லை.
பூச்சி இல்லை என்பதற்கு ஒரு கையெழுத்து,
புகை போட்டதற்கு முத்திரை,
அந்த முத்திரை நிஜம் என்பதற்கு இன்னொரு முத்திரை.
நானும் மார்புப் படத்தோடுதான் வந்தேன்.
ஆனால் என்னைப் பதினோரு நாள் இருட்டில் வைக்கவில்லை,
அதையும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மார்செலின் வந்தார்.
அல் அய்னில் பல் ஆஸ்பத்திரி வேலை, ஊர் மணப்பாடு.
வாங்கிய செடிகளுக்குப் பின்சீட்டில்
பெல்ட் மாட்டிக்கொண்டு போகிறவர்.
அட்டையை இரண்டு முறை வாசித்தார்.
"இதை எனக்கென்றே எழுதினீர்களாக்கும்" என்றார்.
தமிழ் வாசிக்கிற வாடிக்கையாளர்
எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

முன்பணம் கொடுத்திருந்த மிதிபாகல், ஆறு கன்று,
கயிறு பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது.
பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.
இங்கேயே ஏறட்டும் என்றார்.
அடுத்த வெள்ளி வந்தார். அதற்கடுத்ததும்.
எதுவும் வாங்கவில்லை.
ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தொட்டுவிட்டு
கை துடைத்துக்கொண்டு போனார்,
அந்த வேலைக்கு இங்கே தேனீ பற்றாது.

காய்த்ததில் ஒன்றை மட்டும் நான் பறிக்கவில்லை.
பச்சை வெளுத்தது. மஞ்சளானது.
இன்னும் ஒரு பகல் நின்றால் வெடித்துவிடும்.
பில் புத்தகத்தில் செடிக்குப் பாதி, விதைக்குப் பாதி.
பின்னட்டையை ஒட்டி, கமீஸ் வீட்டுக் கீரைக்கணக்குக்காக
யாரும் புரட்டாத ஒரு தாள்.
அதைக் கிழித்து எழுதினேன்:
காய்கறி. எண்ணிக்கை ஒன்று. நூறு பைசா.

சாவடியில் நடந்ததை இரவு போனில் சொன்னார்.
சீருடைப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது,
பையைத் திறந்து காயைத் திருப்பினாள்.
நுனியில் கீறல் விட்டு உள்ளே சிவப்பு தெரிந்தது.
"பழுத்துப்போய்விட்டதே, எப்படிச் சமைப்பாய்?"
மார்செலினுக்கு அரபி அந்த அளவு வரும்.
பொய் அந்த அளவு வராது.
"சமைக்க மாட்டேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
அவள் பில்லை வாசித்தாள், ஒரே வரிதான்,
அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.
பிறகு தாளை மடித்துக் காயின்மேல் வைத்து
"வெயிலில் வைக்காதே" என்று சொல்லிவிட்டு
அடுத்த காரைக் கூப்பிட்டாள்.

குண்டுமல்லி பதினாறாம் நாள் வந்து சேர்ந்தது.
முந்நூற்றுச் சொச்சம் உயிரோடு.
மீதியைச் சேதம் என்று எழுதினேன்,
அதே பேனாவில். கை வலித்தது.

நேற்று, முன்பின் பார்த்திராத ஒருவர்,
அபுதாபி நம்பர் பிளேட்,
செடிகளைக் கடந்து உள்ளே வந்து
கொடியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அண்ணே, காய்கறி இருக்கா?"